அலாய் சக்கரம் வாங்குமுன் அளவு பாருங்கள்



நம் இதழில் வழக்கமாகத் துவரம்பருப்பு விலை, வரிக் கணக்கு, தராசு முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம் என்றுதான் எழுதுவோம். இந்த முறை கார்ச் சக்கரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "மளிகைக்காரருக்கு இது என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம் கடைகளில் பிள்ளைகள் வியாபாரத்துக்கு வந்துவிட்டார்கள். வசூலுக்கும் கொள்முதலுக்கும் காரில்தான் போகிறார்கள். போகிற காரை நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி வைத்துக்கொள்ள அவர்களுக்கு ஆசை. ஆசையைக் குற்றம் சொல்லவில்லை. வாலிபத்தில் நாங்களும் ராஜ்தூத் வண்டிக்கு இரட்டை ஹாரன் வைத்து மகாதானத் தெருவில் அடித்துக்கொண்டு போனவர்கள்தான். ஆனால் ஹாரன் பொருந்தாவிட்டால் சத்தம் வராது, அவ்வளவுதான். சக்கரம் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் குடும்பமே பார்த்துவிட்டது.

எங்கள் தம்பி மகன் கோயம்புத்தூரிலிருந்து 2012-ஆம் வருட மாருதி ஸ்விஃப்ட் ஒன்றைப் பழையதாக வாங்கி வந்தான். முன்பு வைத்திருந்தவர் பந்தயப் பிரியர் போலிருக்கிறது. வண்டியை இரண்டு அங்குலம் இறக்கியிருந்தார். கோவைக்காரர்களுக்கு இந்த ஆசை வருவதில் வியப்பில்லை. 1995-இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன் மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரைச் செய்த ஊர் அது. அவர் பெயரால் செட்டிப்பாளையத்தில் 2003-இல் பந்தயத் தடமும் வந்தது. சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் தடம் இருக்கிறது. அங்கேயெல்லாம் காரை இறக்குவதில் அர்த்தம் உண்டு. பாரம் தாழ்ந்திருந்தால் வளைவில் வண்டி சாயாது. தடம் கண்ணாடி போல வழுவழுப்பாக இருக்கும். குறுக்கே வேகத்தடை கிடையாது, ஆடு மாடு கிடையாது, நெல் காயப்போட்டிருக்க மாட்டார்கள்.

திருவிடைமருதூரில் அப்படியா? சட்டத்துக்குட்பட்ட வேகத்தடையின் உயரமே 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். நம் பக்கத்தில் பல வேகத்தடைகள் இந்த அளவுக்கு அடங்குவதில்லை என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். அந்த ஸ்விஃப்ட் கம்பெனியிலிருந்து வரும்போது தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடைவெளி 17 சென்டிமீட்டர். இரண்டு அங்குலம் இறக்கினால் மிச்சம் 12. நாலு பேர் உட்கார்ந்தால் அதிலும் குறையும். இந்தக் கணக்கை அன்று நாங்கள் போடவில்லை. ஒரு ரூபாய்க்கு இரண்டு தடவை கணக்குப் பார்க்கிற நாங்கள்தான் போடவில்லை.

வண்டியோடு வந்த சக்கரங்களில் ஒன்று விளிம்பு நசுங்கியிருந்தது. டயர்கள் உள்பக்கம் மட்டும் தேய்ந்து கம்பி தெரிந்தது. நாலையும் மாற்றியாக வேண்டும். பையன் ஒரு நகரத்தில் பெரிய கடைக்குப் போனான். கடையில் இருந்தவர் சுவரில் மாட்டியிருந்த 17 அங்குல அலாய் சக்கரம் ஒன்றைக் காட்டி, "நாலு போல்ட் வண்டிதானே சார், இதில் எட்டு ஓட்டை இருக்கிறது, எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்றாராம். பில் வேண்டாமென்றால் விலையில் குறைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அப்போது கார் உதிரி பாகங்களுக்கு வரி 28 சதவீதம். (2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதம்.) பையன் தொலைபேசியில் கேட்டான். "சரி, பில் இல்லாமலே வாங்கிக்கொள்" என்று சொன்னவர் வேறு யாருமில்லை, இதை எழுதுகிறவர்தான். சங்கக் கூட்டங்களில் பில் போடுங்கள், பில் கேளுங்கள் என்று மேசையைத் தட்டிப் பேசியவர்கள் நாங்கள்.

மாட்டிக்கொண்டு வந்தபோது வண்டி பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. முதல் வாரம் 70 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கியது. சக்கரச் சமன் பார்த்துத் தரும் கடையில் இரண்டு முறை ஈயத்துண்டு ஒட்டினார்கள், நடுக்கம் போகவில்லை. பின்னால் ஆள் உட்கார்ந்தால் 'சரக்' என்று ஒரு ஓசை வரும். "புது டயர், பழகிவிடும் பெரியப்பா" என்றான். நாங்களும் விட்டுவிட்டோம்.

மயிலாடுதுறையில் வசூல் முடித்துக்கொண்டு தம்பியும் பையனும் கடைக் கணக்குப்பிள்ளையும் இன்னொருவரும் இரவு எட்டரை மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். குத்தாலம் தாண்டி ஒரு வேகத்தடை. இருட்டில் கவனிக்காமல் ஏறி இறங்கியதும் பின்பக்க டயர் வெடித்தது. வண்டி இழுத்துக்கொண்டு போய், வாய்க்காலுக்கு இரண்டு முழம் இந்தப் பக்கம் மண்ணில் புதைந்து நின்றது. வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடிய மாதம். யாருக்கும் அடியில்லை. தம்பி அன்றிரவு சாப்பிடவில்லை. பணப்பையை எங்கள் கையில் கொடுத்துவிட்டு எதுவும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் ஆடுதுறையில் நமக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் சக்கரத்தைக் கழற்றித் தரையில் போட்டு, அரை மணி நேரம் எங்களுக்குப் பாடம் நடத்தினார். "முதலாளி, நீங்க அரிசி வாங்கும்போது மூட்டையைக் குத்திப் பார்க்காமல் வாங்குவீங்களா?" என்று கேட்டதுதான் முதல் வார்த்தை. அவர் சொன்னதையும், பிறகு நாங்கள் அங்கங்கே கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

அச்சுக்கு ஏற்ற குடம்

எங்கள் தகப்பனார் காலத்தில் கும்பகோணம் ரயிலடியிலிருந்து சரக்கு மாட்டுவண்டியில்தான் வரும். வண்டிச் சக்கரம் செய்யும் ஆசாரி வட்டையையும் ஆரக்காலையும் தொடுவதற்கு முன்னால் அச்சின் கனத்தை அளப்பார். குடத்தின் துவாரம் அச்சுக்குச் சரியாக இல்லாவிட்டால் சக்கரம் எவ்வளவு வட்டமாக இருந்தாலும் வண்டி தள்ளாடும். கார் அலாய் சக்கரத்திலும் நடுவில் அதே போல ஒரு துவாரம் உண்டு. அதற்கு சென்டர் போர் என்று பெயர். ஸ்விஃப்டின் அச்சுத்தலை 54.1 மில்லிமீட்டர். ஃபோர்டு ஃபிகோவுக்கு 63.4, வோக்ஸ்வாகன் போலோவுக்கு 57.1. வெளிக்கடையில் விற்கும் சக்கரங்களில் பலவற்றுக்கு எல்லா வண்டிக்கும் ஆகட்டும் என்று 67.1 அல்லது 73.1 என்று பெரிதாகவே துவாரம் விட்டுவிடுவார்கள். அந்த இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். எங்கள் வண்டியில் போடவில்லை. சக்கரம் அச்சுத்தலையில் உட்காராமல் நாலு நட்டுகளில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. 70-க்கு மேல் நடுங்கியது அதனால்தான். ஈயம் ஒட்டி என்ன பயன்?

வளையத்தின் விலை மிகச் சொற்பம். அதைக் கேட்டு வாங்கத் தெரியாததுதான் குறை.

நாலு ஓட்டை, எட்டு ஓட்டை

போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டத்தை பி.சி.டி. என்கிறார்கள். நாலு போல்ட் வண்டியில் எதிரெதிர் போல்ட்டுகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். ஸ்விஃப்ட், ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் ஐ20 ஆகியவற்றுக்கு 100 மில்லிமீட்டர். ஃபிகோவுக்கு 108. ஃபியட் கார்களுக்கு 98. ஐந்து போல்ட் என்றால் எதிரெதிர் கிடையாது. அடுத்தடுத்த இரண்டு போல்ட்டுகளின் மைய இடைவெளியை அளந்து 1.7-ஆல் பெருக்குங்கள். இன்னோவாவில் 114.3 வரும், போலோவில் 100 வரும்.

இதில் ஆபத்தானது பெரிய வித்தியாசம் அல்ல, சின்ன வித்தியாசம். 108-ஐ 100-இல் மாட்ட முடியாது. பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். 98-ஐ 100-இல் மாட்டிவிடலாம், நட்டும் ஏறிவிடும். ஆனால் போல்ட் சாய்ந்து நிற்கும். நட்டு தன் குழியில் முழுதாக உட்காராது. ஓடஓடத் தளரும், அல்லது போல்ட் ஒடியும். ஐந்து கிலோவில் பத்து கிராம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும் அல்லவா? அதுபோல.

எங்கள் சக்கரத்தின் எட்டு ஓட்டைகளில் நாலு 100-க்கும் நாலு 114.3-க்கும் துளைத்தவை. ஆகவே பி.சி.டி. சரியாகத்தான் இருந்தது. நட்டு சரியில்லை. சுசுகி வண்டிகளின் போல்ட் மரை 12-க்கு 1.25, ஹோண்டா, டொயோட்டா, ஹூண்டாய் வண்டிகளில் 12-க்கு 1.5. மரை பொருந்தினாலும் நட்டின் அடிவாய் வேறுபடும். வெளிக்கடை அலாய் சக்கரங்களில் பெரும்பாலும் கூம்பு வாய் நட்டு வேண்டும். ஹோண்டாவின் கம்பெனிச் சக்கரத்துக்கு உருண்டை வாய். டொயோட்டாவின் கம்பெனி அலாய்க்குத் தட்டை வாயும் வாஷரும். ஒன்றின் நட்டை இன்னொன்றில் போட்டால் உட்காரும் இடம் ஒரு கோடளவுதான். எங்கள் வண்டியில் வெடித்த சக்கரத்தில் மட்டும் இரண்டு நட்டுகள் கையால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. அன்று டயர் வெடிக்காமல் இருந்திருந்தால் இன்னும் சில நாளில் சக்கரமே கழன்றிருக்கும் என்றார் மெக்கானிக். தம்பி அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

புதுச் சக்கரம் மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். காலால் மிதித்து இறுக்குவது கூடாது. வண்டியோடு வரும் கையேட்டில் இறுக்க அளவு அச்சிட்டிருக்கும். அளவு காட்டும் டார்க் ஸ்பேனர் உள்ள கடையில் செய்துகொள்ளுங்கள்.

டயரை அறுத்தது எது?

இப்போது அந்த 'சரக்' ஓசைக்கு வருவோம். உறுப்பினர்களில் பலர் அங்குலத்தை மட்டும் கேட்டு வாங்குவதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சக்கரத்தின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு கிழித்தால், அந்தக் கோட்டிலிருந்து அச்சில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். சக்கரத்தின் பின்புறம் ஈ.டி. என்று போட்டு எண் வார்த்திருப்பார்கள். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். கூடக் கூட உள்ளே போகும். பழைய சக்கரம் 5.5 அங்குல அகலம், ஆஃப்செட் 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிது 7 அங்குல அகலம், ஆஃப்செட் 35. ஒன்றரை அங்குலம்தானே அகலம், இரு பக்கமும் முக்கால் முக்கால் அங்குலம் என்று நினைப்போம். அப்படி இல்லை. கணக்குப் போட்டால் வெளிப்பக்கம் 29 மில்லிமீட்டர் தள்ளி வருகிறது. உள்பக்கம் 9 மில்லிமீட்டர் தள்ளிப் போகிறது. இறக்காத வண்டியிலேயே 29 மில்லிமீட்டர் என்பது மட்கார்டு விளிம்பைத் தொடும் அளவு. இறக்கிய வண்டியில் டயரின் தலை ஏற்கெனவே மட்கார்டுக்குள் இரண்டு அங்குலம் ஏறியிருக்கிறது. ஆள் ஏறிப் பள்ளத்தில் விழுந்தால் விளிம்புத் தகடு டயரின் தோளை அறுக்கும். எங்கள் டயரில் கத்தியால் கீறியது போல ஒரு வட்டம் சுற்றிலும் இருந்தது. வேகத்தடை மேல் பழி போட வழியில்லை. அது வாரக்கணக்கில் நடந்த அறுப்பு.

கடைக்காரர் சொன்னதில் ஒன்று சரி, டயரின் மொத்த உயரம். அந்த ரகத்துக்குக் கம்பெனி போட்ட டயர் 165/80 ஆர் 14. முதல் எண் அகலம் மில்லிமீட்டரில். இரண்டாவது, அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கவாட்டு உயரம் என்பது. கடைசி எண் சக்கரத்தின் அங்குலம். 165-இல் 80 சதவீதம் 132; இரண்டு பக்கத்துக்கு 264; 14 அங்குலத்துக்கு 355.6. மொத்தம் 619.6 மில்லிமீட்டர். எங்களுக்குப் போட்டது 205/45 ஆர் 17. அதன் மொத்தம் 616.3. வித்தியாசம் அரை சதவீதம்தான். மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் வேகமானி பெரிதாகப் பொய் சொல்லாது. ஆனால் பக்கவாட்டு ரப்பர் 132-இலிருந்து 92-ஆகக் குறைந்துவிட்டதைப் பாருங்கள். நம் சாலைப் பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்வது அந்த ரப்பர்தான். அது மெலிந்தால் அடி நேராகச் சக்கரத்துக்குப் போகும். இரும்புச் சக்கரம் அடிபட்டால் நசுங்கும், தட்டி நிமிர்த்தலாம். வார்ப்பு அலுமினியம் விரிசல் விடும். விரிசலை வெல்டிங் வைத்துப் பூசி, பெயிண்ட் அடித்து விற்கிறார்கள். அதை நம் வீட்டு வண்டிக்கு வாங்காதீர்கள்.

எடை தாங்கும் எண்ணையும் பாருங்கள். டயரில் 85 என்றிருந்தால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 84 என்றால் 500. 88 என்றால் 560. கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே போகக்கூடாது. சக்கரத்தின் பின்புறத்திலும் தாங்கும் எடை வார்க்கப்பட்டிருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். காலாவதித் தேதி பார்க்காமல் பிஸ்கட் வாங்காத நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இறக்கிய வண்டி வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றை மெக்கானிக் சொன்னார். எங்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. சக்கரத்தை மாட்டிப் பார்த்துவிட்டு வாங்க அனுமதிக்கும் கடையாகப் பார்க்க வேண்டும். பிள்ளையார் சதுர்த்திக்குப் பிடிக்கும் களிமண்ணைக் கட்டைவிரல் கனத்துக்கு உருட்டி, மட்கார்டு விளிம்பின் உள்பக்கத்திலும் சக்கரத்துக்குப் பின்னால் ஷாக் அப்சார்பர் குழாயிலும் ஒட்டிவிடுங்கள். ஐந்து பேர் எடை சுமார் 325 கிலோ, அதாவது 25 கிலோ அரிசிச் சிப்பம் பதின்மூன்று. முன் இருக்கைகளில் ஐந்து, பின்னால் எட்டு என்று அடுக்குங்கள். பிறகு வேகத்தடையில் மெதுவாக ஏறி இறக்கி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பாருங்கள். களிமண் எங்கே நசுங்கியிருக்கிறதோ, மிச்சம் இருக்கும் கனம்தான் உங்கள் இடைவெளி. சுண்டுவிரல் கனம்கூட மிஞ்சவில்லை என்றால் அந்தச் சக்கரம் உங்கள் வண்டிக்கு இல்லை. ஆளில்லாத காரைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு "நல்லா இருக்கு சார்" என்பவர் பேச்சில் மயங்க வேண்டாம். முன்சக்கரத்தின் உள்ளே பிரேக் காலிப்பர் இடிக்கிறதா என்பதையும் கையால் சுற்றிப் பாருங்கள்.

இறக்கிய முறையும் முக்கியம். எங்கள் வண்டியில் முன்னவர் முறையான குட்டை ஸ்பிரிங் போடவில்லை. கம்பெனி ஸ்பிரிங்கிலேயே ஒன்றரைச் சுற்றை வெட்டியிருந்தார். வெட்டிய ஸ்பிரிங் தன் கிண்ணத்தில் சரியாக உட்காராது. வண்டி இறங்கினால் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாயும், அதனால்தான் டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. இறக்கியபின் சக்கரக் கோணம் பார்க்காமல் எத்தனை டயர் போட்டாலும் அதே கதிதான்.

எங்கள் பக்கத்து மிராசுதார்களின் டிராக்டரைப் பாருங்கள். சேற்றுழவுக்கு இரும்புக் கேஜ்வீல் மாட்டுகிறார்கள். அதோடு தார்ச் சாலைக்கு வந்தால் சாலையும் போச்சு, அபராதமும் வரும். வயலுக்கு ஒன்று, ரோட்டுக்கு ஒன்று. திருவாரூர் ஆழித்தேர் 1948-க்குப் பின் ஓடாமல் நின்று, 1970-இல் மறுபடி ஓடியபோது அதற்கு இரும்பு அச்சும் சக்கரமும் செய்துகொடுத்தது திருச்சி பெல் நிறுவனம். நிறுத்துவதற்கு ஹைட்ராலிக் பிரேக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். சக்கரத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போகவில்லை.

போலிச் சரக்கு

பெருங்காயத்தில் போலி வருவது போல இதிலும் வருகிறது. நல்ல அலாய் சக்கரம் அலுமினியத்தில் ஏறக்குறைய ஏழு பங்கு சிலிக்கான் சேர்ந்த கலவையில் வார்க்கப்பட்டு, மூன்று விதமாகச் சோதிக்கப்படுகிறது: பாரத்தோடு உருட்டுவது, வளைவில் திரும்பும் இழுவிசை, மேலிருந்து விழும் அடி. ஜப்பானியத் தரம் என்றால் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. என்ற எழுத்துகள் வார்ப்பிலேயே இருக்கும். ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் விலகிவிடுங்கள். எழுத்தை வார்ப்பதும் போலிக்காரருக்குக் கடினமில்லை என்பதால், பெயருள்ள கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குவதுதான் வழி. சீனா, கொரியா, தாய்லாந்து நாடுகளிலிருந்து மலிவாக வந்து குவிந்த வார்ப்பு அலாய் சக்கரங்களுக்கு மத்திய அரசு 2015-இல் பொருள் குவிப்புத் தடுப்பு வரியே விதிக்க வேண்டியதாயிற்று.

அலாய் என்றாலே இலேசு என்பதும் முழு உண்மை அல்ல. அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு கனம்தான். ஆனால் வலுவுக்காகத் தடிமனாக வார்க்கிறார்கள், அங்குலத்தையும் கூட்டுகிறார்கள்.

சரக்கு வண்டிக்கு அலாய் கேட்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். குட்டியானையில் உரிமத்துக்கு மேல் மூட்டை ஏற்றுகிற நம் வழக்கத்தை வைத்துக்கொண்டு அதற்கு அழகுச் சக்கரம் மாட்டுவது வேண்டவே வேண்டாம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. இதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உறுதி செய்தது. அதே 2019-இல் வந்த திருத்தத்தில், சட்டத்துக்கு மாறான ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்துவிட்டார்கள். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்குவதும் மட்கார்டுக்கு வெளியே டயர் நீட்டிக்கொண்டிருப்பதும் சோதனைக்காரர் கண்ணில் முதலில் படுபவை.

காப்பீட்டில் இன்னொரு விஷயம். வழக்கமான பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் ஒன்றும் கிடைக்காது. அதே விபத்தில் வண்டியும் சேதமானால்தான், அதுவும் டயர் விலையில் பாதி. எங்கள் வண்டிக்கு மண்ணில் புதைந்ததைத் தவிரச் சேதமில்லை. ஆகவே அந்த வழியில் ஒரு ரூபாயும் வரவில்லை. சக்கரக் கடைக்குப் போனோம். "எங்கள் கடையில் வாங்கியதற்கு பில் காட்டுங்கள்" என்றார்கள். காட்ட என்ன இருக்கிறது? நுகர்வோர் மன்றம் என்று பையன் கோபமாகப் பேசினான்; நாங்கள்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தோம். நம் கடையில் வாங்கிய சர்க்கரையைப் பில் இல்லாமல் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தால் நாம் என்ன சொல்வோமோ அதையேதான் அவரும் சொன்னார்.

கடைசியில் என்ன வாங்கினோம்

பையனுக்கும் தம்பிக்கும் இடையில் ஒரு மாதம் பேச்சில்லை. தம்பி வண்டியை விற்றுவிடு என்றார். பையன் இறக்கிய உயரத்தை விட மாட்டேன் என்றான். மெக்கானிக்தான் வழி சொன்னார். அதே ஸ்விஃப்டின் மேல் ரகத்துக்குக் கம்பெனியே 15 அங்குல அலாய் சக்கரமும் 185/65 ஆர் 15 டயரும் போட்டு விற்றது. அதன் மொத்த உயரம் 621.5 மில்லிமீட்டர். பழைய 619.6-க்கு இரண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. தாங்கும் எடை எண் 88. பி.சி.டி., துவாரம், ஆஃப்செட் எல்லாம் அந்த வண்டிக்கென்றே கம்பெனி போட்டவை. வளையம் வேண்டாம், புது நட்டு தேட வேண்டாம், சட்டச் சிக்கலும் இல்லை. உங்கள் பிள்ளை அலாய் கேட்டால் முதலில் அதே மாடலின் மேல் ரகத்துக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

வெட்டிய ஸ்பிரிங் நாலையும் எடுத்துவிட்டுக் கம்பெனி ஸ்பிரிங் போட்டோம். வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. பையனுக்கு அதில் இன்னும் வருத்தம்தான். அலாய் இருக்கிறதே என்று சமாதானமாகிவிட்டான். சக்கரக் கோணம் பார்த்து, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி இறுக்கினோம். இந்த முறை பில் வாங்கி, பெட்டியில் மற்ற பில்களோடு வைத்திருக்கிறோம். தம்பி இப்போது முன் இருக்கையில் உட்கார்ந்து மயிலாடுதுறை போகிறார்.

அந்த 17 அங்குலச் சக்கரங்களைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ள ஒருவர் வந்தார். ஒன்றின் ஆரத்தில் மயிரிழை விரிசல் இருப்பதை மெக்கானிக் காட்டியிருந்தார். மற்ற மூன்று நன்றாகத்தான் இருந்தன; ஆனால் அவை யார் வீட்டு வண்டியில், எந்த நட்டில் ஏறுமோ தெரியாது. நாலையும் ஆரத்தில் அறுத்துவிட்டுப் பழைய அலுமினியமாக எடைக்குப் போட்டோம். போடுமுன் நம் கிடங்குத் தராசில் வைத்துப் பார்த்தோம். நாலும் சேர்ந்து 38 கிலோ. பக்கத்தில் பையன் பழைய 14 அங்குல இரும்புச் சக்கரங்கள் நாலையும் தூக்கி வைத்தான். 27 கிலோ.